பிணம் போகும் பாதை

"ஒங்களுக்குன்னே தனி ரோடு. எஸ்டிமேட் போட்டாச்சு. சிமெண்டு ரோடு. வாய்க்கால் குறுக்கிடுற எடத்துல ஒரு சின்னப் பாலம். இதுக்கு மேல என்னப்பா வேணும்?"

சமாதானக் கூட்டத்தில் ஓர் அதிகாரி எங்களைப் பார்த்துக் கேட்டது இது. ஊர்க்காரர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம், நடுவில் மேசை. எங்களுக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். என் அப்பா காலத்தில் அதுகூடக் கிடையாது. மேசைமேல் ஒரு தாள் இருந்தது. அதில் இரண்டு பத்தி. முதல் பத்தியில், தலித் தெருவிலிருந்து சுடுகாடு வரைக்கும் புதிதாகப் பாதை அமைத்துத் தரப்படும் என்றிருந்தது. இரண்டாவது பத்தியில், இனி இறந்தோர் உடலை மேற்படி பாதை வழியாகவே எடுத்துச் செல்வோம், வேறு பாதை கோர மாட்டோம் என்றிருந்தது. அதற்குக் கீழே கையெழுத்துப் போட இடம்.

பெரியப்பா பேனாவை வாங்கிவிட்டார். சட்டம் படிக்கும் பையன் ஒருவன் தாளை இழுத்துப் படித்துப் பார்த்துவிட்டு, "பெரியப்பா, வூட்ல போயி பேசிட்டு வந்து போடுவோம்" என்றான். கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அன்று இரவு எங்கள் தெருவில் நடந்த சண்டை, ஊர்க்காரர்களோடு போட்ட சண்டையைவிடப் பெரிது. தனியாகக் கொடுக்கிற பாதையை வாங்கிக்கொள்வது சரியா, தப்பா? என்னையும் கேட்டார்கள். நாலு எழுத்துப் படித்தவன், வெளியூரில் இருக்கிறவன், விவரம் தெரிந்தவன் என்று நினைத்துக் கேட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை. இதை எழுதுவது அந்தப் பதிலைத் தேடித்தான்.

எங்கள் ஊர் தரங்கம்பாடிக்கு மேற்கே, வயலுக்கு நடுவே இருக்கிறது. பெயர் சொல்லத் தேவையில்லை. பொறையாறு, ஆக்கூர், செம்பனார்கோவில் என்று எந்தப் பக்கம் போனாலும் நிலத்தின் அமைப்பு ஒன்றுதான். மெயின் ரோட்டிலிருந்து தார் ரோடு பிரியும். அது ஊர்த்தெருவுக்குள் புகுந்து, கோயிலைத் தொட்டு, ஆற்றங்கரைக்குப் போகும். சுடுகாடு ஆற்றங்கரையில். முதலில் அவர்களுடையது, அதற்குக் கீழே, தண்ணீர் ஏறுகிற பள்ளத்தில், எங்களுடையது. சேரி வயலுக்கு இந்தப் பக்கம். தார் ரோட்டில் போனால் பத்து நிமிஷம். ஆனால் பிணம் தார் ரோட்டில் போகக்கூடாது. உயிரோடு நாங்கள் போகலாம், சைக்கிளில் போகலாம், இப்போது மோட்டார் பைக்கிலும் போகலாம். செத்துவிட்டால் மட்டும் வயலில் இறங்கிவிட வேண்டும்.

சித்திரை வைகாசியில் செத்தால் பிரச்சினை இல்லை. அறுத்த வயல் வெடித்துக் கிடக்கும், எப்படி வேண்டுமானாலும் போகலாம். ஐப்பசி, கார்த்திகையில் செத்தால்தான் செத்தவருக்கும் தூக்குகிறவருக்கும் நரகம். சம்பா நட்டிருக்கும். மழை நின்றிருக்காது. எங்கள் தெருவில் வயசானவர்கள் ஐப்பசி பிறந்தால், "ஆண்டவனே, கோடைக்கு வாங்கிக்க" என்று வேண்டிக்கொள்வார்கள். சாகிற மாதத்தைக்கூட பயிருக்குத் தகுந்த மாதிரி வைத்துக்கொள்ள வேண்டிய சனம் நாங்கள்.

எங்கள் ஆயா அப்படி வேண்டிக்கொண்டும் கார்த்திகையில்தான் செத்தது. 2008 நவம்பரில், நிஷா புயல் காரைக்கால் பக்கம் கரையேறிய வாரம். வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் வெள்ளம். ஒரு நாள் வைத்துப் பார்த்தோம், மழை விடவில்லை. மறுநாள் தூக்கினோம். தூக்கினவர்களில் நானும் ஒருவன்.

வரப்பில் பாடை தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். வரப்பு ஓர் ஆள் அகலம். பாடையோ நாலு ஆள் அகலம். இரண்டு பேர் வரப்பில் போனால் இரண்டு பேர் வயலில் இறங்கியாக வேண்டும். வயலில் இறங்கியவனுக்கு முழங்கால் சேறு. அவன் பக்கம் பாடை சாயும். சாயாமல் இருக்க வரப்பில் போகிறவன் குனிய வேண்டும். அப்படி ஓர் ஒன்றரை மைல். நிலத்துக்காரர் குடை பிடித்துக்கொண்டு வரப்பு முனையில் நின்றிருந்தார். துக்கம் கேட்க வந்தார் என்று நினைத்தேன். "பயிரப் பாத்து மிதிங்கடா" என்றார். ஆயாவுக்கு ஊர் சொன்ன இரங்கல் அது ஒன்றுதான். வாய்க்காலில் கழுத்தளவு தண்ணீர். பாடையைத் தலைக்குமேல் தூக்கிக் கைமாற்றினோம். ஓர் இடத்தில் சாய்ந்தது. ஆயாவின் கை துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்து தண்ணீரில் தொங்கியது. அண்ணன் அதைப் பிடித்து உள்ளே வைத்தான். அப்புறம் ஒரு மாதம் அவன் அந்தக் கையால் சோறு சாப்பிடவில்லை, கரண்டியால் சாப்பிட்டான். மிதிபட்ட பயிருக்கு அறுப்புக் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். எவ்வளவு என்று நினைவில்லை.

ஆயா உயிரோடு இருந்தவரை பாதையில் நடந்ததைவிடப் பாதையிலிருந்து இறங்கியதுதான் அதிகம். ஆண்டை எதிரே வந்தால் இறங்கும். ஆண்டையின் மகன் வந்தால் இறங்கும். அறுபது வயதில் பத்து வயதுப் பையனுக்காக வயலில் இறங்கி நின்றதை நானே பார்த்திருக்கிறேன். பாதை என்பது ஆயாவுக்கு யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போக வேண்டிய இடமாகத்தான் இருந்தது.

இதைச் சொல்லாமல் "பொதுப்பாதை" என்ற சொல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அது வெறும் சொல்லாடலாகப் போய்விடும்.

ஒரு பாதை எப்போது பொதுப்பாதை ஆகிறது? இந்தக் கேள்விக்குச் சட்டம் வைத்திருக்கும் பதில், பணம் யாருடையது என்பதுதான். சென்னை சட்டமன்றத்தில் 1924இல் ரெட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தின்படி, எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் யாரும் நடக்கலாம் என்று அரசு ஆணை வந்தது; 1925இல் அரசிதழிலும் வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 1923இல், பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானமும் பொதுப்பணத்தில் கட்டிப் பராமரிக்கப்படும் நீர்நிலைகளைத்தான் எல்லோருக்கும் திறந்தது. அந்தத் தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் 1927 மார்ச் 20ஆம் தேதி அம்பேத்கர் மகாடில் சவுதார் குளத்துக்கு ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்துபோய்த் தண்ணீர் குடித்தார். சாதி இந்துக்கள் என்ன செய்தார்கள்? குளம் பொதுச்சொத்தே இல்லை, தனியார் சொத்து என்று வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கு 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில்தான் முடிந்தது. பத்து வருஷம்! ஒரு கை தண்ணீர் யாருடையது என்று கண்டுபிடிக்க.

அரசியல் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவும் இதே வழியில்தான் பேசுகிறது. முழுதாகவோ பகுதியாகவோ அரசு நிதியில் பராமரிக்கப்படும் அல்லது பொதுமக்கள் பயன்பாட்டுக்கு விடப்பட்ட கிணறு, குளம், சாலை. அம்பேத்கர் இருந்த அவையில் எழுதப்பட்ட சட்டத்தைக் குறை சொல்ல வரவில்லை. அந்த வாசகத்துக்குப் பின்னால் மகாடு இருக்கிறது என்பது தெரிகிறது. ஆனாலும் நிதி என்றால் என்ன என்று கேட்க வேண்டியிருக்கிறது. கஜானாவிலிருந்து வருவது மட்டும்தான் நிதியா?

இந்தக் காவிரிச் சமவெளியில் ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் கரை போட்டது யார்? குடிமராமத்து என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அதில் மண்வெட்டி பிடித்தது யார்? கட்டாயப்படுத்தி வேலை வாங்குவதற்கு வெள்ளைக்காரன் 1858இல் சட்டமே போட்டான், சென்னை கட்டாய உழைப்புச் சட்டம். ஏரி, ஆற்றுக்கரைகள் உடையும் ஆபத்தில் ஆட்களைக் கட்டாயமாக இறக்கலாம், குடிமராமத்து வேலைக்கும் வாங்கலாம். கரைமேல் பாதை. பாதையின் ஒவ்வொரு கூடை மண்ணும் யாரோ ஒருவருடைய தலையில் வந்தது. அந்தத் தலையில் வந்த மண்ணுக்குக் கணக்கு எழுதியிருந்தால், இன்றைக்கு யார் யாருக்குப் பாதை தருகிறார்கள் என்பது வேறு மாதிரி இருந்திருக்கும். 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலைத் திட்டம் வந்தபோது, அன்றைய நாகப்பட்டினம் மாவட்டம் முதல் கட்டத்திலேயே இருந்தது. அப்போதும் ஊர்ப் பாதைக்கு ஓரம் கட்டியது எங்கள் தெருப் பெண்கள்தான். இந்தமுறை கூலி உண்டு, அது நல்லது. பிணத்தைக் கொண்டுபோக மட்டும் அதே பாதை கிடையாது.

1990களின் கடைசியில் 'நமக்கு நாமே' என்று ஒரு திட்டம் வந்தது. மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடும். நல்ல யோசனை போலத்தான் தெரியும். ஆனால் 'நமக்கு' என்பதில் யார், 'நாமே' என்பதில் யார்? பணம் போட்டவன் பாதை எங்கே வளைய வேண்டும் என்று சொல்வான். பணம் இல்லாதவன் வளைந்து போவான்.

இன்னொரு பதில் வரைபடத்தில் இருக்கிறது. பாதை யார் திட்டமிட்டதோ அவர்களுடையது. வருவாய்த்துறை வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஊர்த்தெரு, கோயில், குளம், வண்டிப்பாட்டை எல்லாம் கோடாக இருக்கும். எங்கள் சனம் தலைமுறை தலைமுறையாகப் பிணம் தூக்கிப் போன வழி எந்த வரைபடத்திலும் இருக்காது. ஏனென்றால் அது வழியே இல்லை, இன்னொருவருடைய பட்டா நிலம். ஒவ்வொரு சாவுக்கும் அவர் விட்டால் போகலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தபோது, பொது இடத்துக்குப் போகும் "வழக்கமான வழியுரிமை"யை மறுப்பது குற்றம் என்று எழுதினார்கள். வழக்கமான! வழக்கம் எங்களுக்கு என்றைக்கு வழி விட்டது? வழக்கத்தை உடைக்கத்தானே சட்டம் கேட்டோம்? மறுப்பவனும் அதே வழக்கத்தைத்தானே காட்டுகிறான்?

இங்கே எனக்கு ஒரு வெள்ளைக்கார நம்பிக்கை ஞாபகம் வருகிறது. இங்கிலாந்துக் கிராமங்களில் வெகுகாலம் ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது. ஒருவருடைய நிலத்தின் வழியாக ஒருமுறை பிணம் போய்விட்டால், அது என்றைக்கும் பொதுப்பாதை ஆகிவிடும் என்று. சட்டப்படி அது செல்லாது. ஆனாலும் சனங்கள் நம்பினார்கள். நிலத்துக்காரர்கள் பயந்தார்கள். தூரத்துக் குக்கிராமங்களிலிருந்து தேவாலயக் கல்லறைக்குப் பிணம் தூக்கிப் போன வழிகளுக்கு அங்கே பிணப்பாதை என்றே பெயர். அவற்றில் சில இன்றைக்கும் மக்கள் காலாற நடக்கிற பாதைகளாக இருக்கின்றன.

இதைப் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. நம்முடைய ஊர்க்காரர்கள் எந்த இங்கிலீஷ் புத்தகமும் படிக்காமலேயே அதே நம்பிக்கையை வைத்திருக்கிறார்கள். "ஒருதடவ வுட்டா மாமூலாயிடும்" என்றுதான் எல்லாச் சமாதானக் கூட்டத்திலும் சொல்கிறார்கள். தீட்டு, சாமி குத்தம், தெருவில் சின்னப் பிள்ளைகள் பயப்படும் என்பதெல்லாம் அப்புறம் சொல்வது. முதல் பயம் மாமூல். பிணம் போனால் பாதை பிறந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உயிரோடு போகிற தலித்தை வழிப்போக்கன் என்று விட்டுவிடலாம். பறையடித்து, பூ தூவி, நாலு பேர் தோளில் போகிற தலித் அந்தத் தெருவுக்கு உரிமைக்காரனாகப் போகிறான். ஆகவே பொதுப்பாதையா இல்லையா என்பதைச் சோதிக்க வேண்டுமென்றால் அரசாணையைப் பார்க்க வேண்டாம், நிதி ஒதுக்கீட்டைப் பார்க்க வேண்டாம். அதில் எங்கள் பிணம் போகுமா என்று மட்டும் பார்த்தால் போதும்.

அப்படிப் பார்த்தால் மயிலாடுதுறைப் பக்கத்துத் திருநாள்கொண்டச்சேரியில் 2016 ஜனவரியில் நடந்ததை மறக்க முடியாது. நூறு வயதுப் பெரியவர் ஒருவர் செத்துப்போனார். பொதுப்பாதையில் கொண்டுபோகப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. உடல் நாள் கணக்கில் வீட்டில் கிடந்தது. கடைசியில் என்ன நடந்தது? உத்தரவை நிறைவேற்ற வேண்டிய போலீஸே உடலைப் பிடுங்கி, வழக்கமான மாற்றுப் பாதையில் தூக்கிக்கொண்டுபோய்ப் புதைத்தது. அந்த மக்கள் கேட்டது பாதை. அரசு கொடுத்தது தோள்! சாதி இந்துக்களுக்காக அரசாங்கமே பாடை தூக்கிய அதிசயம் அன்றைக்கு நடந்தது. அந்த மாதம் 26ஆம் தேதி, திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. இடுகாட்டையும் சுடுகாட்டையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்துவதையோ, எந்தச் சாலையையும் வழியையும் பயன்படுத்துவதையோ தடுப்பது குற்றம் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. 'வழக்கம்' என்ற சொல் அந்த இடத்தில் இல்லை. பெரியவர் சில வாரம் பொறுத்துச் செத்திருக்கலாம் என்று யாராவது சொல்வார்களோ என்னவோ.

இனி தனிப்பாதைக்கு வருவோம். தனியாகப் போட்டுக் கொடுத்துவிட்டுச் சண்டையை முடிப்பது எங்கள் ஊர் அதிகாரி கண்டுபிடித்ததல்ல. வைக்கத்தில் 1924இல் தொடங்கிய போராட்டம் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடப்பதற்கான போராட்டம். பெரியார் இரண்டு முறை சிறைக்குப் போனார். 1925 நவம்பரில் எப்படி முடிந்தது? மூன்று பக்கத்துத் தெருக்கள் திறக்கப்பட்டன. கிழக்குப் பக்கம் சவர்ணர்களுக்கென்று விடப்பட்டது. அதற்குச் சுற்றிப்போக அரசே மாற்றுச் சாலை போட்டுக் கொடுத்தது. கிழக்கு வாசல் திறக்க 1936 நவம்பரில் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வர வேண்டியிருந்தது. அந்தப் பதினொரு வருஷம் அந்த மாற்றுச் சாலையில் நடந்தவன் வெற்றி பெற்றவனா, தோற்றவனா?

வாணியம்பாடி பக்கத்து நாராயணபுரத்தில் 2019 ஆகஸ்டில், நிலத்தின் வழியே விடாததால், பாலாற்றுப் பாலத்திலிருந்து பாடையைக் கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காட்சியை நாடே பார்த்தது. உயர் நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது. அதிகாரிகள் உடனே தலித்துகளுக்குத் தனியாக மயான நிலம் ஒதுக்கிவிட்டோம் என்று வந்து நின்றார்கள். தனி மயானம் கொடுத்து அரசே சாதிப் பிரிவினையை ஊக்குவிக்கிறதா என்று நீதிபதிகள் கேட்டார்கள். சரியான கேள்வி. ஆனால் நீதிபதிகளின் பிணம் பாலத்தில் தொங்கவில்லை. அந்தக் குடும்பத்துக்கு அந்த நிலம் அன்றைக்குத் தேவையாக இருந்தது. இந்த இரண்டும் உண்மை என்பதுதான் இந்த விஷயத்தின் கொடுமை. 2021இல் தமிழ்நாடு அரசு சாதி வேறுபாடில்லாத மயானமுள்ள ஊர்களுக்குப் பத்து லட்ச ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. குற்றம் செய்யாமல் இருப்பதற்குப் பரிசு. திருடாமல் இருப்பவனுக்கும் இனி ஏதாவது கொடுக்கலாம்.

எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் தரங்கம்பாடி. அங்கே பாதைக்கு இருக்கிற மரியாதையைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். 1792இல் கட்டிய நகர வாயிலுக்குள் நுழைந்தால் ராஜா வீதி. சீயோன் ஆலயம், புதிய எருசலேம் ஆலயம், ஆளுநர் மாளிகை, டேனிஷ் கோட்டை, அப்புறம் கடல். 2004 சுனாமிக்குப் பிறகு இன்டாக் அமைப்பும் டென்மார்க்கின் பெஸ்ட்செல்லர் என்ற துணி நிறுவனத்தின் அறக்கட்டளையும் பழைய வீடுகளைப் புதுப்பித்தன. டென்மார்க் தேசிய அருங்காட்சியகம் ஆராய்ச்சிக்கு ஆட்களை அனுப்பியது. பாரம்பரிய நடை என்று வெளியூர்க்காரர்கள் நடக்கிறார்கள். நடக்கட்டும். வீதி அழகாகத்தான் இருக்கிறது, நானும் நடந்திருக்கிறேன். சுனாமி முடிந்த அந்த நாட்களில் இதே மாவட்டத்து நிவாரண முகாம்களில் தலித்துகளை ஒதுக்கியதைப் பல மனித உரிமை அமைப்புகள் எழுதிவைத்திருக்கின்றன. கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் நிதி வந்து சேர்ந்த வேகத்தில் எங்கள் சனத்துக்கு அரிசி வந்து சேரவில்லை என்பதையும் யாராவது அந்த நடையில் சொல்லிக்கொண்டு போகலாம்.

வேறொன்றையும் சொல்லலாம். 1706 ஜூலையில் சீகன்பால்கு கரையிறங்கினார். 1707 மே மாதம் சீயோன் ஆலயத்தில் அவர் முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்த ஐந்து பேரும் டேனிஷ்காரர்களிடம் இருந்த அடிமைகள். அந்த ராஜா வீதியில் உரிமையோடு ஆலயத்துக்கு நடந்த முதல் தமிழ் லுத்தரன்கள் அவர்கள்தான். பிறகு என்ன ஆயிற்று? ராஜநாயக்கன் என்று ஒரு பறையர், தஞ்சை அரசரின் படைவீரர், மிஷனில் உபதேசியாராகி ஊர் ஊராக நடந்து சபைகளை உண்டாக்கினார். 1733இல் முதல் தமிழ்க் குருவாக வேளாளரான ஆரோனுக்குப் பட்டம் கொடுத்தார்கள். ராஜநாயக்கனுக்குக் கடைசிவரை கொடுக்கவில்லை. அவர் கையால் வேளாளக் கிறிஸ்தவர்கள் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்பதுதான் காரணம். ஆலயத்தின் கதவு வரைக்கும் பாதை, பீடத்துக்குப் பாதை இல்லை. கடல் தாண்டிவந்த கடவுளும் வரப்பில்தான் எங்களை நிறுத்தினார்.

இப்போது அந்த இரவுக்குத் திரும்புகிறேன்.

தெருவில் இரண்டு கட்சி. இளைஞர்கள் சொன்னது சுலபமாகப் புரிகிறது. தனிப்பாதை என்பது தீண்டாமையைச் சிமெண்டில் பூசுவது. வரப்பில் போகிறவரை அது அநியாயம் என்று எல்லோருக்கும் தெரியும். சிமெண்டு ரோடு வந்துவிட்டால் அநியாயம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், "அவுங்களுக்குத்தான் ரோடு இருக்குதே" என்று ஆகிவிடும். பட்டியல் சாதியினருக்கான துணைத் திட்டப் பணத்திலேயே அதைப் போடுவார்கள். எங்கள் பணத்தைக் கொண்டே எங்களை ஒதுக்குவார்கள். அடுத்து யார் செத்தாலும் தார் ரோட்டில்தான் தூக்க வேண்டும், எத்தனை நாள் ஆனாலும் சரி.

எத்தனை நாள் ஆனாலும் சரி. இந்த இடத்தில்தான் எனக்குத் தடுக்கியது. செத்தவரைக் கிடத்திவைத்துப் போராடுவதற்கு நமக்கு உரிமை உண்டா? செத்தவர் அதற்குச் சம்மதித்தாரா? வாழ்நாள் முழுக்க எவனெவனுக்கோ வேலை செய்த உடலை, செத்த பிறகும் ஒரு வேலைக்கு அனுப்புகிறோமே, அது என்ன நியாயம்? ஆயா மாதிரி ஒரு பொம்பளை, யாரோடும் சண்டை போடாமல் இறங்கி இறங்கி நடந்தவள், நாலு நாள் ஐஸ் பெட்டியில் கிடந்து போராட வேண்டுமா? இதை நான் கேட்டேன். பெரியப்பா தலையாட்டினார். அண்ணன்தான் பதில் சொன்னான். அவன் கூட்டத்தில் பேசுகிறவன் அல்ல.

"உசுரோட இருந்தப்ப எறங்கி நடந்துச்சு. நம்மளுக்காகத்தான் எறங்குச்சு, நம்மள அடிச்சிப்புடுவானுவன்னு. செத்த பொறவு அதுக்கு என்ன பயம்? அன்னிக்கு ஆயாவத் தெரு வழியா தூக்கியிருந்தா அது சந்தோசமா போயிருக்கும். நாமதான் எறக்குனோம்."

எனக்கு அதற்குப் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. செத்தவரின் மனசை அவரவர் விருப்பப்படிப் பேசவைக்கலாம் என்பது தெரியும். நானும் அதைத்தான் செய்தேன், அவனும் அதைத்தான் செய்தான். ஆனால் தண்ணீரில் தொங்கிய கையைப் பிடித்தவன் அவன்.

பேச்சைத் திருப்பியது எங்கள் சித்தி. ஆம்பளைகள் எல்லோரும் பிணத்தையே பேசிக்கொண்டிருந்தோம். சுடுகாட்டுக்குப் பெண்கள் வருவதில்லை என்பதால் அவர்கள் பேசாமல் இருக்கிறார்கள் என்று நினைத்தோம். சித்தி சொன்னது: "பொணம் என்னிக்கோ ஒருநாள் போவுது. ஆத்தங்கரைப் பக்கம் நடவுக்கு நாங்க தெனமும் போறோம். புள்ளத்தாச்சிய கட்டுல்ல வச்சி அந்த வரப்புலதான் தூக்கினோம். ரோடு வந்தா வரட்டும்டா. போட்டு வைக்கட்டும். அதுல நாங்க நடக்குறோம். பொணத்தத் தெருவுல கொண்டுபோங்க. ஒரு ரோடு வாங்குனா இன்னொரு ரோடு நம்மளுது இல்லன்னு ஆயிடுமா?"

இதற்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. எங்கள் சண்டை முதல் பத்தியைப் பற்றியதே இல்லை, இரண்டாவது பத்தியைப் பற்றியது. பாதையை வாங்குவது வேறு, மற்றப் பாதையை விட்டுக்கொடுப்பது வேறு. அதிகாரி இரண்டையும் ஒரே தாளில் எழுதி ஒரே கையெழுத்துக் கேட்டார். அங்கேதான் தந்திரம். வசதியை விலையாக வைத்து உரிமையை வாங்கிக்கொள்வது. ரோடு போடுவது அரசின் வேலை, அதற்கு நாங்கள் எதையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. ஊர்த்தெருவுக்குத் தார் போட்டபோது அவர்களிடம் யாரும் எதையும் எழுதி வாங்கவில்லை.

அந்தக் கையெழுத்தை யார் போட முடியும் என்பது அடுத்த கேள்வி. பெரியப்பா போடலாமா? அவர் தனக்காகப் போடலாம். தன் பிணம் வரப்பில் போனால் போதும் என்று எழுதிக்கொடுக்க அவருக்கு உரிமை உண்டு. என் மகளுக்காக அவர் போட முடியாது. அவளுக்குப் பிறக்கப் போகிறவர்களுக்காக நானும் போட முடியாது. ஊர்க்கூட்டத்தில் பதினொரு ஆம்பளைகள் போட்ட கையெழுத்து, செத்தவர்களையும் பிறக்காதவர்களையும் கட்டுப்படுத்தும் என்றால், வருணத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? யாரோ எப்போதோ எழுதிவைத்ததற்கு நாம் இறங்கி நடந்தது போதாதா?

இளைஞர்களிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ரோடே வேண்டாம் என்று தீர்மானம் போடலாம் என்றார்கள். வெளியூரில் வேலை பார்க்கிற என்னைப் போன்றவர்களுக்கு அது வசதியான வீரம். கார்த்திகை மழையில் நாற்றங்கால் சேற்றில் நடக்கப்போவது நாங்கள் அல்ல. கொள்கைக்காக இன்னொருத்தியின் காலைச் சேற்றில் நிறுத்துவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. சித்தி கேட்டது போல அந்தப் பாதையைப் பிணப்பாதையாக எழுதாமல், எல்லோரும் நடக்கிற பாதையாக எழுதி வாங்க வேண்டும். ஊர்க்காரர்களின் வயலுக்கும் அதுதான் வழி. நாளைக்கு அவர்களுடைய நெல்மூட்டை டிராக்டரில் அதில்தான் வரும். வரட்டும். நாங்கள் மாமூல் கேட்க மாட்டோம்.

மறுவாரம் ஒரு மனு எழுதினோம். சட்டம் படிக்கும் பையன்தான் எழுதினான். பாதை போடுவதற்கு எங்களுக்கு மறுப்பில்லை. மேற்படி பாதையை 'ஆதிதிராவிடர் மயானப் பாதை' என்று பதிவு செய்யக்கூடாது, பொதுப்பாதை என்றே பதிவு செய்ய வேண்டும். இரண்டாவது பத்தியை நீக்க வேண்டும். இருக்கிற தார் ரோட்டில் எல்லாக் காரியத்துக்கும், இறுதி ஊர்வலம் உட்பட, எங்களுக்குள்ள உரிமை அப்படியே இருக்கிறது. கீழே பெண்களும் கையெழுத்துப் போட்டார்கள், சித்தி முதலில். பெரியப்பா போடவில்லை. கோபம் இல்லை, பயம்தான். அவருடைய மகன் ஊர்க்காரர் ஒருவருடைய அறுப்பு மிஷினில் வேலை பார்க்கிறான்.

மனுவை வாங்கிக்கொண்ட அதிகாரி, "இரண்டாவது பத்தி இல்லாம அவங்க ஒத்துக்க மாட்டாங்களே" என்றார். அவங்க என்றால் யார் என்று பையன் கேட்டான். பாதை போடப்போவது அரசு, பணம் அரசுடையது, நிலத்துக்கு விலை கொடுக்கப்போவதும் அரசு, இதில் ஒத்துக்கொள்ள வேண்டிய அந்த 'அவங்க' யார் சார் என்று கேட்டான். அதிகாரி மேசையில் எதையோ தேடினார். அடுத்த கூட்டம் அறுப்பு முடிந்து, தை கடைசியில் என்றார்கள். எங்கள் தெருவில் எழுபது தாண்டியவர்கள் ஆறு பேர் இருக்கிறார்கள்.

தையும் போய் மாசியும் வந்துவிட்டது. கூட்டத்துக்கு இன்னும் ஆள் அனுப்பவில்லை. சேரி முனையில் ஒரு லாரி ஜல்லி மட்டும் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். எந்தப் பெயரில் கொட்டினார்கள் என்று கேட்டு இன்னொரு மனு எழுதிக்கொண்டிருக்கிறான் பையன்.